தலித்துகளின் ஆயுள் குறைவு: நாம் சொல்லும் எண்ணும் அரசு சொல்லாத எண்ணும்

ஒடுக்கப்பட்டோர் உரிமைக் கூட்டங்களிலும் துண்டறிக்கைகளிலும் சமூக ஊடகப் பதிவுகளிலும் ஓர் எண் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து இடம்பெற்று வருகிறது. உயர்சாதிப் பெண்களைவிடத் தலித் பெண்கள் 14.6 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துவிடுகிறார்கள் என்பதே அது. ஐக்கிய நாடுகள் அவையின் பெண்கள் அமைப்பு 2018ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின் வழியாக இவ்வெண் உலகெங்கும் பரவியது. இந்திய தலித் ஆய்வு நிறுவனத்தின் முந்தைய ஆய்விலிருந்து அவ்வறிக்கை இதனை எடுத்தாண்டது. இறந்த தலித் பெண்களின் சராசரி வயது 39.5, இறந்த உயர்சாதிப் பெண்களின் சராசரி வயது 54.1. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு 14.6.

இந்த எண்ணை நாமும் மேடைகளில் சொல்லியிருக்கிறோம். அதே மேடைகளில் எதிர்க்கேள்வி ஒன்றையும் சந்தித்திருக்கிறோம். "இந்தியப் பெண்களின் சராசரி ஆயுள் எழுபது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. தலித் பெண்கள் மட்டும் நாற்பது வயதுக்குள் இறக்கிறார்கள் என்பது எப்படிப் பொருந்தும்?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்களில் சிலருக்கு நம் மீது நல்லெண்ணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் கேள்வி தவறானதல்ல. இதற்குத் தெளிவான விடை நம் கையில் இல்லாவிட்டால், ஓர் எண் மீது எழும் ஐயம் நாம் சொல்லும் அனைத்தின் மீதும் படரும். ஆகவே இவ்வெண் எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை, உண்மையான இடைவெளி எவ்வளவு, அதை அரசே ஏன் நமக்குச் சொல்வதில்லை என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

இறந்தோரின் சராசரி வயது

39.5 என்பதும் 54.1 என்பதும் இறந்தோரின் சராசரி வயதைக் குறிப்பவை. குறிப்பிட்ட காலத்தில் இறந்தவர்களின் வயதுகளைக் கூட்டி, இறந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் இது கிடைக்கும். கணக்கில் பிழையில்லை. ஆனால் இந்தச் சராசரி, மக்கள் எவ்வளவு காலம் வாழ்கிறார்கள் என்பதை மட்டும் சார்ந்ததன்று. அந்த மக்கள் தொகையில் குழந்தைகள் எத்தனை பேர், முதியோர் எத்தனை பேர் என்பதையும் சார்ந்தது.

எளிய கணக்கொன்றைப் போட்டுப் பார்ப்போம். இரண்டு குடியிருப்புகள் இருப்பதாகவும், இரண்டிலும் குழந்தைகளும் முதியோரும் மட்டுமே வாழ்வதாகவும் வைத்துக்கொள்வோம். இரண்டிலும் இறப்பு அபாயம் ஒன்றே. ஓராண்டில் 100 குழந்தைகளில் ஒருவர் இறக்கிறார். 100 முதியோரில் 5 பேர் இறக்கின்றனர். குழந்தைகள் சராசரியாக 2 வயதிலும் முதியோர் சராசரியாக 70 வயதிலும் இறப்பதாகக் கொள்வோம்.

முதல் குடியிருப்பில் 1,000 குழந்தைகளும் 200 முதியோரும் உள்ளனர். அங்கே ஓராண்டில் 10 குழந்தைகளும் 10 முதியோரும் இறப்பர். இறந்தோரின் சராசரி வயது 36. இரண்டாம் குடியிருப்பில் 200 குழந்தைகளும் 360 முதியோரும் உள்ளனர். அங்கே 2 குழந்தைகளும் 18 முதியோரும் இறப்பர். சராசரி வயது ஏறத்தாழ 63. இரு குடியிருப்புகளிலும் ஒவ்வொரு வயதினரின் இறப்பு அபாயமும் ஒன்றாகவே இருந்தும், இறந்தோரின் சராசரி வயதில் 27 ஆண்டு வேறுபாடு தோன்றிவிட்டது. ஓரிடத்தில் குழந்தைகள் மிகுதி, மற்றோரிடத்தில் முதியோர் மிகுதி என்பதைத் தவிர இதற்கு வேறு காரணமில்லை.

தலித் மக்கள் தொகை, உயர்சாதியினரின் மக்கள் தொகையைவிட இளமையானது. பிறப்பு விகிதம் நீண்ட காலம் சற்றுக் கூடுதலாக இருந்ததும் முதுமையை எட்டியவர்கள் குறைவாக இருந்ததும் இதற்குக் காரணங்கள். இரண்டாவது காரணமே ஓர் அநீதிதான். ஆயினும், 14.6 என்னும் வேறுபாட்டில் ஒரு பகுதி இறப்பு அபாயத்தின் ஏற்றத்தாழ்விலிருந்தும், மற்றொரு பகுதி வயதமைப்பிலிருந்தும் வருகிறது. இரண்டையும் பிரிக்காமல், தலித் பெண்ணின் ஆயுள் 14.6 ஆண்டு குறைவு என்று சொல்வது அந்த எண்ணால் தாங்க முடியாத பொருளை அதன்மேல் ஏற்றுவதாகும்.

வயதமைப்பின் தாக்கத்தை நீக்கி ஆயுளை அளக்கும் முறைக்கு ஆயுள் அட்டவணை என்று பெயர். இன்று பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகள், ஒவ்வொரு வயதிலும் இன்று நிலவும் இறப்பு அபாயத்தின் ஊடாகவே வாழ்நாள் முழுவதையும் கடப்பதாகக் கொண்டு, அவர்கள் சராசரியாக எத்தனை ஆண்டு வாழ்வர் என்று கணக்கிடுவது அது. அதன் விடையே ஆயுள் எதிர்பார்ப்பு. எழுபது ஆண்டு என்று அரசு அறிக்கைகள் குறிப்பது இதைத்தான். எனவே 39.5ஐ எழுபதோடு ஒப்பிடுவதும் பொருந்தாது. அவை இரண்டும் வெவ்வேறு அளவைகள்.

முறையாகக் கணக்கிட்டபோது கிடைத்தது

அப்படியானால் தலித்துகளின் ஆயுள் எதிர்பார்ப்பு எவ்வளவு குறைவு? இதற்கு நம்பத்தக்க விடையைத் தரும் ஆய்வொன்று 2022ஆம் ஆண்டு அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளிவந்தது. சங்கீதா வியாஸ், பாயல் ஹாத்தி, ஆஷிஷ் குப்தா ஆகிய மூவரும் அதைச் செய்தனர். உத்தரப் பிரதேசம், பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் உள்ளிட்ட 9 மாநிலங்களில் ஒன்றிய அரசு நடத்திய ஆண்டுச் சுகாதாரக் கணக்கெடுப்பின் தரவுகளை அவர்கள் பயன்படுத்தினர். அதில் 2 கோடிக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் இருந்தன. இந்தியாவின் மக்கள் தொகையில் ஏறத்தாழ பாதி அம்மாநிலங்களில் வாழ்கிறது.

அவர்கள் கண்டது இது: உயர்சாதி இந்துக்களோடு ஒப்பிடும்போது தலித்துகளின் ஆயுள் எதிர்பார்ப்பு 3 ஆண்டுகளுக்கு மேல் குறைவு. பழங்குடியினருக்கு 4 ஆண்டுகளுக்கு மேல் குறைவு. முஸ்லிம்களுக்கு ஏறத்தாழ ஓராண்டு குறைவு.

14.6ஐக் கேட்டுப் பழகியவர்களுக்கு 3 என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். இரண்டு செய்திகளை நினைவில் கொண்டால் அதன் பாரம் விளங்கும். முதலாவது, இது ஒவ்வொருவருக்குமான சராசரி. நீண்ட காலம் வாழ்ந்தோரையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகும் எஞ்சி நிற்கும் இழப்பு. ஆயிரம் தலித் குழந்தைகள் பிறக்கும் ஓரிடத்தில் 3,000 ஆண்டு வாழ்வு பறிபோகிறது என்று பொருள். அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் இடையிலான ஆயுள் இடைவெளியோடு ஒப்பிடத்தக்க அளவினது இது என்று ஆய்வாளர்களே குறிப்பிடுகின்றனர். அந்த இடைவெளியை உலகம் முழுவதும் அறியும். நம்முடையதை நம் நாடே அறியாது.

இரண்டாவது, அந்த ஆய்வு உயர்சாதி இந்துக்கள் என்று வகைப்படுத்திய பிரிவில் முன்னேறிய சாதியினரோடு பிற்படுத்தப்பட்ட வகுப்பினரும் அடங்குவர். அதாவது, சாதி அடுக்கின் உச்சியில் இருப்போருக்கும் தலித்துகளுக்கும் இடையிலான இடைவெளியை மட்டும் இந்த எண் காட்டவில்லை. நடுவில் இருப்போரையும் உச்சியோடு சேர்த்த பிறகும் 3 ஆண்டுக்கு மேல் இடைவெளி இருக்கிறது.

தமிழ்நாடு அந்த 9 மாநிலங்களில் இல்லை. எனவே இவ்வெண்ணை அப்படியே தமிழ்நாட்டின்மேல் பொருத்துவது சரியன்று. இங்கே பொதுச் சுகாதாரக் கட்டமைப்பு வலுவானது. குழந்தை இறப்பு விகிதம் இந்தியச் சராசரியைவிட மிகக் குறைவு. இந்த முன்னேற்றம் சேரிகளை எந்த அளவுக்கு எட்டியிருக்கிறது என்பதைக் காட்டும் ஆயுள் அட்டவணையைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி இம்மாநிலத்தில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர்.

வறுமை மட்டுமே காரணமா?

இடைவெளியை ஒப்புக்கொள்வோரும் உடனே சொல்லும் ஒரு விளக்கம் உண்டு. "அவர்கள் ஏழைகள், அதனால் முன்னதாக இறக்கிறார்கள். ஏழ்மைக்குச் சாதியில்லை" என்பது அது. இதைச் சோதித்துப் பார்க்கப் புள்ளியியலில் வழியிருக்கிறது. குடும்பங்களின் உடைமைகளைக் கணக்கில் கொண்டு, ஒத்த பொருளாதார நிலையில் உள்ள தலித் குடும்பங்களையும் பிற குடும்பங்களையும் ஒப்பிட வேண்டும். இடைவெளி முழுவதும் மறைந்துவிட்டால் வறுமையே காரணம். மறையாவிட்டால் மீதிக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

மேற்கண்ட ஆய்வில் பொருளாதார நிலை இந்த இடைவெளிகளில் பாதியைக்கூட விளக்கவில்லை. ஒரே அளவு உடைமை உள்ள வீடுகளில் பிறந்தாலும் தலித்தின் ஆயுள் குறைவாகவே இருக்கிறது.

அந்த மீதி எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு குறிப்பு, குழந்தைகளின் உயரம் பற்றிய மற்றோர் ஆய்வில் கிடைக்கிறது. குழந்தைகளின் சராசரி உயரம் ஒரு சமூகத்தின் உடல்நலத்தைக் காட்டும் நம்பகமான அளவுகோல். கருவில் கிடைத்த ஊட்டமும் பிறந்தபின் தாக்கிய நோய்களும் அதில் பதிந்துவிடுகின்றன. டயேன் காஃபி, அஸ்வினி தேஷ்பாண்டே, ஜெஃப்ரி ஹாமர், டீன் ஸ்பியர்ஸ் ஆகியோர் ஊரக இந்தியாவின் குழந்தைகளை ஆராய்ந்து 2019ஆம் ஆண்டு 'டெமோகிராஃபி' இதழில் முடிவுகளை வெளியிட்டனர். பழங்குடிக் குழந்தைகளின் உயரக் குறைவைச் சமூகப் பொருளாதார நிலையைக் கொண்டே விளக்க முடிந்தது. பட்டியல் சாதிக் குழந்தைகளின் உயரக் குறைவை அவ்வாறு முழுமையாக விளக்க முடியவில்லை.

அவர்கள் மேலும் ஒன்றைக் கண்டனர். குழந்தை வாழும் பகுதியில் அக்குடும்பத்தைவிட உயர்ந்த சாதியினர் என்று கருதப்படுவோரின் வீடுகள் எத்தனை பங்கு என்பதைப் பொறுத்துக் குழந்தையின் உயரம் மாறியது. தம்மைப் போன்ற ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பங்கள் சூழ வாழ்ந்த தலித் குழந்தைகள், அதே பொருளாதார நிலையிலுள்ள உயர்சாதிக் குழந்தைகளைவிடக் குட்டையாக இல்லை.

இந்த முடிவைக் கவனமாகப் படிக்க வேண்டும். சேரி தனியே இருப்பதே நல்லது என்று இது சொல்லவில்லை. உடம்பிலோ மரபணுவிலோ குறையில்லை, அடக்குவோர் அருகில் இருக்கும் நிலைமையில்தான் குறையிருக்கிறது என்பதையே இது சுட்டுகிறது. எந்த வழியாக அந்தத் தீங்கு குழந்தையை எட்டுகிறது என்பதை உயர அளவு மட்டும் சொல்லிவிடாது. ஆனால் நம் ஊர்களை அறிந்தோருக்கு வழிகள் புதியவை அல்ல. ஊர்த்தெருவில் அமைந்த அங்கன்வாடி, காலனிக்குக் கடைசியில் வந்து சேரும் குடிநீர், வீட்டுக்குள் வராமல் தெருமுனையிலேயே விசாரித்துவிட்டுச் செல்லும் சுகாதாரப் பணியாளர், தொடாமல் மாத்திரையைப் போடும் கை. இவை தீண்டாமை பற்றிய முறையீடுகளில் திரும்பத் திரும்ப வருபவை. இவற்றை மானத்தின் பிரச்சினையாகவே பேசி வந்திருக்கிறோம். இவை ஆயுளின் பிரச்சினையும்கூட.

தொகுதி எண் இல்லாத பின்னம்

இத்தனை முக்கியமான ஒன்றை அரசு ஏன் ஆண்டுதோறும் வெளியிடுவதில்லை? இறப்பு விகிதம் என்பது ஒரு பின்னம். கீழே இருக்கும் பகுதி எண், வாழும் மக்களின் எண்ணிக்கை. மேலே இருக்கும் தொகுதி எண், இறந்தோரின் எண்ணிக்கை. இரண்டும் இருந்தால்தான் விகிதம் கிடைக்கும்.

பகுதி எண் நமக்கு எப்போதும் இருந்தே வந்திருக்கிறது. விடுதலைக்குப் பிந்தைய ஒவ்வொரு மக்கள் தொகைக் கணக்கெடுப்பும் பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் தனியே எண்ணியது. 2011இல் பட்டியல் சாதியினர் 20.14 கோடி, அதாவது மக்கள் தொகையில் 16.6 விழுக்காடு. எண்ணப்படாமல் போனது தொகுதி எண்.

பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதன் கீழ் நீண்ட காலமாகப் பயன்பட்டு வந்த இறப்பு அறிக்கைப் படிவத்தைப் பார்த்தால், இறந்தவரின் மதம் கேட்கப்படுகிறது. தொழில் கேட்கப்படுகிறது. புகை பிடித்தாரா, புகையிலையோ பாக்கோ மென்றாரா, மது அருந்தினாரா, எத்தனை ஆண்டுகளாக என்பதெல்லாம் கேட்கப்படுகின்றன. பட்டியல் சாதியினரா, பழங்குடியினரா என்ற கேள்வி மட்டும் இல்லை. அவர் பாக்கு மென்ற ஆண்டுகள் அவருடைய இறப்புக்குத் தொடர்புடையவை என்று கருதிய படிவம், அவர் சேரியில் வாழ்ந்த ஆண்டுகளை அவ்வாறு கருதவில்லை.

நாட்டின் ஆயுள் எதிர்பார்ப்பைக் கணக்கிடப் பயன்படுவது மாதிரிப் பதிவு முறை. நாடெங்கும் ஏறத்தாழ 8,800 மாதிரிப் பகுதிகளில், சுமார் 80 லட்சம் மக்களிடையே நிகழும் பிறப்புகளையும் இறப்புகளையும் தொடர்ந்து பதிவு செய்யும் ஏற்பாடு அது. அதிலிருந்து மாநில வாரியாக, ஆண், பெண் வாரியாக, ஊரகம், நகர்ப்புறம் வாரியாக ஆயுள் அட்டவணைகள் வெளியாகின்றன. சாதி வாரியான அட்டவணை வெளியாவதில்லை. ஆகவேதான், தலித்துகள் எத்தனை ஆண்டு வாழ்கிறார்கள் என்பதை அறிய, வேறு நோக்கத்திற்காக எடுக்கப்பட்ட கணக்கெடுப்பு ஒன்றை ஆய்வாளர்கள் சிலர் தேடியெடுத்துக் கணக்குப் போட வேண்டியிருந்தது. அக்கணக்கெடுப்பும் 2013ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று.

வரையறைகளும் மறைக்கும் வேலையைச் செய்கின்றன. மனிதக் கழிவை மனிதர் அகற்றும் கொடுமையால் இறந்தவர்கள் குறித்து 2021ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்பப்பட்டது. அவ்வாறான இறப்பு எதுவும் பதிவாகவில்லை என்று ஒன்றிய அரசு விடையளித்தது. அதே விடையில், பாதாளச் சாக்கடைகளிலும் கழிவுநீர்த் தொட்டிகளிலும் இறங்கித் துப்புரவு செய்தபோது 941 பேர் இறந்தனர் என்றும் கூறியது. முதலாவது, சட்டத்தில் எழுதப்பட்ட வரையறையின்படி பூச்சியம். இரண்டாவது, நச்சுக்காற்றில் மூச்சடைத்துப் போன 941 உயிர்கள். எந்தத் தலைப்பின் கீழ் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து ஒரே கொடுமை இல்லாமலும் போகும்.

பட்டியலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட தலித்துகளும் உண்டு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைச் சார்ந்தோரை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்கிறது. தமிழ்நாட்டில் தலித் கிறித்தவர்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பில் வைக்கப்பட்டுள்ளனர். அரசு வகைப்பாட்டின்படி கணக்கிட்டால் அவர்களின் இறப்புகள் வேறொரு பத்தியில் சேரும். ஒரே தெருவில், ஒரே தண்ணீரைக் குடித்து, ஒரே இழிவைச் சுமந்து வாழ்ந்தவர்கள் இறந்தபின் இரு வேறு பிரிவினராகிறார்கள்.

எண்கள் நமக்கு எதிராகவும் திரும்பும்

சாதி வாரியாக இறப்புகளை எண்ணக் கோரும்போது ஓர் எச்சரிக்கையையும் நாம் மறக்கலாகாது. அமெரிக்காவில் 1896ஆம் ஆண்டு, ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் புள்ளியியலாளரான ஃபிரெடரிக் ஹாஃப்மன், கறுப்பினத்தவரின் கூடுதலான இறப்பு விகிதங்களைத் தொகுத்து நூல் ஒன்றை வெளியிட்டார். அவர்களின் இனப் பண்பே அதற்குக் காரணம் என்று அவர் வாதிட்டார். அவ்வெண்கள் காப்பீடு மறுப்பதற்கு நியாயம் கற்பிக்கப் பயன்பட்டன. அதை மறுத்து எழுதியவர் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ. இ. பி. டு போய்ஸ். அவர் எண்களைக் கண்டு ஒதுங்கவில்லை. பிலடெல்பியா நகரில் வீடுவீடாகச் சென்று தரவு திரட்டி 1899இல் நூலாக வெளியிட்டார். குடியிருப்பும் தொழிலும் ஒதுக்கலுமே நோய்க்கும் இறப்புக்கும் காரணம் என்று காட்டினார்.

நமக்கான பாடம் இதில் இருக்கிறது. வெறும் இறப்பு விகிதம் கைக்கு வந்தால், "அவர்கள் குடிக்கிறார்கள், சுகாதாரம் அறியாதவர்கள்" என்று அதைப் படிப்போர் இங்கும் உண்டு. வாழ்நிலையோடும் பாகுபாட்டோடும் சேர்த்து அளக்கும்போதுதான் எண் உண்மையைப் பேசும். தரவு திரட்டும் நிலையிலும் அதைப் படிக்கும் நிலையிலும் ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து வந்த ஆய்வாளர்கள் இருக்க வேண்டிய தேவையும் இதனால்தான் எழுகிறது.

என்ன கேட்க வேண்டும்?

சாதிவாரிக் கணக்கெடுப்பை வரவிருக்கும் மக்கள் தொகைக் கணக்கெடுப்போடு சேர்த்து நடத்த ஒன்றிய அமைச்சரவைக் குழு 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 30 அன்று ஒப்புதல் அளித்தது. 2027ஆம் ஆண்டு மார்ச் 1 அதற்கான அடிப்படை நாளாக அறிவிக்கப்பட்டுள்ளது. இது பகுதி எண்ணை விரிவாக்கும். தொகுதி எண்ணுக்கான கோரிக்கையை எழுப்ப இதுவே பொருத்தமான காலம்.

முதலாவதாக, மாதிரிப் பதிவு முறையின் ஆயுள் அட்டவணைகள் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிறர் எனப் பிரித்து, ஆண், பெண் வாரியாக வெளியிடப்பட வேண்டும். இதற்குப் புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை.

இரண்டாவதாக, இறப்பு அறிக்கைப் படிவத்தில் சமூகப் பிரிவு சேர்க்கப்பட வேண்டும். சான்றிதழில் சாதி இடம்பெற்றால் இழிவுபடுத்தப் பயன்படும் என்ற அச்சம் நியாயமானது. அப்படிவம் சட்டப் பகுதி, புள்ளிவிவரப் பகுதி என இரண்டாகவே அமைந்துள்ளது. புள்ளிவிவரப் பகுதியில் மட்டும் சேர்த்தால், குடும்பத்தின் கைக்கு வரும் சான்றிதழில் அது தோன்றாது. மதம் மாறிய தலித்துகள் தம்மை அடையாளப்படுத்திக்கொள்ளவும் அதில் இடமிருக்க வேண்டும்.

மூன்றாவதாக, தமிழ்நாடு அரசு ஒன்றிய அரசுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பெரும்பாலான இறப்புகள் பதிவாகும் மாநிலம் இது. பட்டியல் சாதியினரின் ஆயுள் எதிர்பார்ப்பைக் கணக்கிட்டு வெளியிடும் முதல் மாநிலமாக இருக்க இதனால் முடியும்.

அதுவரை நாம் மேடையில் எதைச் சொல்வது? 14.6 என்று சொல்லும் இடத்தில், அது இறந்தோரின் சராசரி வயதிலுள்ள வேறுபாடு என்று சேர்த்துச் சொல்வோம். ஆயுள் எவ்வளவு குறைவு என்று கேட்டால், 9 மாநிலங்களில் 3 ஆண்டுகளுக்கு மேல் என்றும், அதில் பாதியைக்கூட வறுமை விளக்கவில்லை என்றும் சொல்வோம். எதிரில் இருப்பவர் அதை மறுக்க விரும்பினால், தமிழ்நாட்டின் கணக்கைக் காட்டச் சொல்வோம். அந்தக் கணக்கு வெளியாகும் நாளில் அவரும் நாமும் ஒரே எண்ணை வைத்துப் பேசலாம்.